இருபத்தாறு படங்களில் இல்லாத குரல்

கொங்குப் பக்கம் கணபதி என்ற ஊரில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் நடித்தவர் பொங்கியண்ணன். வேஷம்கூடக் கட்டாமல், குரலை மட்டும் மாற்றி, ஒரே மேடையில் தரகர், தாசில்தார், பல் போன கிழவி என மூன்று ஆளாக நிற்பார். அந்தக் கொங்குப் பேச்சுக்காகவே சினிமாவில் கூப்பிட்டார்கள். இருபத்தாறு படங்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் டப்பிங் சமயத்தில், "இதுக்காக நீங்க எதுக்குச் சென்னைக்கு அலையணும்? இங்கேயே ஆள் இருக்கார்" என்றுவிடுவார்கள். யாரோ ஒருவர் எல்லா வார்த்தையிலும் ஒரு 'ங்க'வை ஒட்டவைத்துப் பேசிவிட்டுப் போவார். அதுதான் கொங்குத் தமிழாம்!

போன மாதம் புற்றுநோய்க்காக அவருடைய குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். நாடகங்களை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. மனைவி ராசாத்தாள் கைப்பேசியில் படங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க, ஒரு படத்துலயாச்சும் நீங்களே பேசியிருப்பீங்கல்ல?"

பொங்கியண்ணன் நோட்டில் எழுதிக் காட்டினார்: 'ஏழாவது படத்துல இருமல் மட்டும் என்னோடது. அந்த ஆளுக்கு அப்படி இரும வரலை.'

ராசாத்தாள் அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, கைப்பேசியைக் காதோடு வைத்து, திரும்பத் திரும்பக் கேட்டார்.

"ஆமாங்க," என்றார். "இது நீங்கதானுங்க."