தெச்சிக் கிளையும் பொங்கலை அடுப்பும்

சில வருடங்களுக்கு முன்பு, திருவனந்தபுரத்தில் கரமனை ஆற்றை ஒட்டிய ஒரு சந்தில், நாங்கள் இப்போதும் குடியிருக்கும் வீட்டில் நடந்தது இது. அன்று ஆற்றுகால் பொங்கலை, அம்மனுக்காகப் பெண்கள் தெருவெங்கும் அடுப்பு மூட்டிப் பாயசம் பொங்கி வைக்கும் நாள்.

முதலில் அந்தத் தெச்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இட்லிப்பூ என்பார்களே, அந்தச் சிவப்புப் பூச்செடிதான். பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, வேலியோரம் நின்ற தெச்சியை வேரோடு தோண்டிப் போட்டிருந்தார்கள். அடித்தண்டு என் மணிக்கட்டைவிடப் பருமன். விட்டுவர மனமில்லை. தூக்கி வந்து தொட்டியில் நட்டு, மொட்டைமாடியில் போன்சாயாக வளர்க்கத் தொடங்கினேன்.

தெச்சிக்கு இலைகள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே நிற்கும். ஒரு ஜோடிக்கு மேலே நறுக்கினால் அங்கே இரண்டு தளிர் வரும். ஆனால் பூ பூப்பது கிளை நுனியில்தான். கத்தரி வைக்கும்போதெல்லாம் உருவம் கிடைக்கும், அந்தத் தடவைப் பூ போய்விடும். முற்றிய கிளையைக் கம்பி சுற்றி வளைக்கவும் முடியாது, படக்கென்று முறிந்துவிடும். வெட்டி வெட்டித்தான் வடிவம் கொண்டுவர வேண்டும். அப்படியே அது ஒரு குட்டி மரமாகிவிட்டது. ஒரே குறை, இடது பக்கம் தண்டுக்குச் சமமாகத் தடித்துப்போய் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கிளை. அதை எடுத்தால்தான் மரத்துக்கு லட்சணம். எடுத்தால், வெட்டிய இடத்திலிருந்து தண்டு கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டே போய் மொத்த மரமும் பட்டுவிடுமோ என்று பயம். கைரம்பத்தை எடுப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். சாப்பிட உட்கார்ந்தாலும் அதே புலம்பல்தான்.

கேட்டுக்கொண்டிருந்தவர் என் கணவர். அவருக்கு இதயத்தில் வால்வு மாற்றியிருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை. சவரம் செய்யும்போது கீறினாலே ரத்தம் நிற்க நேரமாகும். காய் நறுக்கக்கூட அவரை நான் விடுவதில்லை.

பொங்கலை அன்று விடிவதற்குள் எங்கள் சந்து முழுக்கச் செங்கல் அடுப்புகள். எங்கெங்கிருந்தோ வந்த பெண்கள் நடக்க இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். என் அடுப்பு எங்கள் கேட்டை ஒட்டி. அதற்கு அடுத்து, சந்தின் நடுவில், கொல்லம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண். காலையில் எங்கள் வீட்டுக் குழாயில்தான் அரிசி கழுவினாள். கோயிலில் தீ மூட்டிய செய்தி வந்ததும் எல்லா அடுப்பும் ஒன்றாகப் பற்றின. ஆள் முகம் ஆளுக்குத் தெரியாத புகை.

அந்தப் புகைக்குள்தான் மாடியிலிருந்து அவர் குரல் கேட்டது. அலறல் இல்லை. "ஏய், கொஞ்சம் மேல வா" என்று மெதுவாகத்தான் கூப்பிட்டார். அந்த மெதுவான குரலே என்னை ஓடவைத்தது.

தெச்சியின் கிளை பாதி அறுபட்டுத் தொங்கியது. ரம்பம் வழுக்கி, கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே ஆழமாக இறங்கியிருந்தது. தரையெல்லாம் ரத்தம்.

"எதுக்கு இதப் போய்த் தொட்டிய?"

"நீ தெனமும் இதையே நெனச்சு வெசனப்படுதியேன்னுதான். நீ கீழ இருக்கப்பவே முடிச்சு வச்சிருவோம்னு…"

துண்டைச் சுற்றி அழுத்திப் பிடித்தேன். நனைந்துவிட்டது. இன்னொரு துண்டு சுற்றினேன், அதுவும் நனைந்தது. கையைத் தூக்கிப் பிடித்தபடி எப்படியோ கீழே கூட்டி வந்தேன். கேட்டருகே வந்ததும் முகம் வெளுத்து, வேர்த்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார். யாரோ ஆம்புலன்சுக்குச் சொன்னார்கள். சைரன் சந்து முனையில் கேட்டது. ஆனால் அங்கேயே நின்றுவிட்டது. நடுவில் அத்தனை அடுப்பு, அத்தனை பானை. அவரால் நடக்க முடியாது, வண்டியால் வர முடியாது. இந்த ஒரு நாளுக்காக வருடம் முழுக்கக் காத்திருந்து வந்தவர்களிடம், தீயை அணையுங்கள் என்று எப்படிக் கேட்பது? அவர் கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன்.

"சேச்சி, எந்து பற்றி?" என்ன ஆயிற்று என்று கேட்டது அந்தக் கொல்லத்துப் பெண்தான்.

"மாத்திரை சாப்பிடுற ஆளு. ரத்தம் நிக்கல" என்றேன்.

அவள் அவரைப் பார்த்தாள். சந்து முனையைப் பார்த்தாள். அவள் பானையில் நுரை விளிம்புவரை ஏறியிருந்தது. பொங்கி வழியப்போகும் அந்த நொடிக்காகத்தான் எல்லோரும் காத்திருப்பது. அவள் குடத்துத் தண்ணீரைத் தூக்கித் தன் அடுப்பில் ஊற்றினாள். துணியால் பானையை இறக்கினாள். சூடான செங்கல்லைக் காலாலேயே ஓரம் தள்ளினாள்.

"மாறிக்கே! எல்லாரும் மாறிக்கே! வண்டி வரட்டே!" என்று எல்லோரையும் விலகச் சொல்லிக் கத்தினாள்.

அடுத்த அடுப்பு நகர்ந்தது. அதற்கடுத்தது. முனைவரை ஒவ்வொருத்தியாக எழுந்து பானையைத் தூக்கினார்கள். வண்டி பின்பக்கமாகவே ஊர்ந்து எங்கள் கேட்டுக்கு வந்தது.

"உங்க பொங்கலை…" என்று இழுத்தேன்.

"அம்மைக்கு எல்லாம் அறியாம். சேச்சி வண்டியில கேறு" என்றாள். அம்மனுக்கு எல்லாம் தெரியுமாம். என்னை வண்டிக்குள் தள்ளிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, ஊசி போட்டு, ரத்தமும் ஏற்றினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் சிக்கலாகியிருக்கும் என்றார் டாக்டர். வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு கிளையைச் சொல்லிச் சொல்லி இவரை இங்கே கொண்டுவந்துவிட்டேனே என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மதியம் வீடு திரும்பினோம். சந்தில் ஒரு செங்கல்கூட இல்லை, எல்லாம் கழுவிக் கிடந்தது. எதிர் வீட்டுக்காரி மூடி போட்ட பாத்திரத்தோடு வந்தாள்.

"உங்க அடுப்பு எரிஞ்சிட்டே இருந்துச்சுல்லா? அந்தப் பொண்ணு தன் பானையில இருந்ததையும் உங்க பானையில கொட்டி ஒண்ணாவே பொங்கிட்டா. பாதி அவளுக்கு, பாதி உங்களுக்குன்னு வச்சிட்டுப் போனா. ஏதோ வேண்டுதல், நேர்ச்சையாம். என்னன்னு சொல்லல."

அந்தப் பாயசத்தை அவருக்கு ஊட்டிவிட்டு நானும் சாப்பிட்டேன்.

மாடிக்குப் போகப் பல நாள் மனம் வரவில்லை. ஒருநாள் கைக்கட்டோடு அவரே என்னைக் கூட்டிப்போய், "முடிச்சிரு" என்றார். அறுபட்ட கிளையை எடுத்துவிட்டேன். அப்புறமும் தினமும் நகத்தால் பட்டையைக் கீறி, பச்சை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜூன் மாதம் இடவப்பாதி மழை தொடங்கியபோது, வெட்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே செம்பு நிறத்தில் இரண்டு தளிர் எட்டிப் பார்த்தது. மரம் பிழைத்துவிட்டது. அவர் கையும் சரியாகிவிட்டது, சுண்டு விரல் அளவுத் தழும்பைத் தவிர.

அடுத்த பொங்கலைக்குச் சந்தில் வந்து உட்கார்ந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். அவள் வரவில்லை. அதற்கடுத்த வருடமும் வரவில்லை. பானை பொங்கும்போது எனக்கென்று கேட்க இப்போதும் நிறைய இருக்கிறது. ஆனால் பெயர்கூடத் தெரியாத அவளுடைய, இன்னதென்றே எனக்குத் தெரியாத அந்த நேர்ச்சை பலிக்க வேண்டும் என்றுதான் முதலில் கைகூப்புகிறேன்.