ஸ்டெப்னி சொந்த வாத்தியம் வாங்கினார்

ஹோட்டல் சாப்பாட்டுக் கூடத்து இசைக்குழுவில் அவருக்கு ஸ்டெப்னி என்று பெயர். கீபோர்டுக்காரருக்குக் காய்ச்சல் என்றால் கீபோர்டு, டிரம்ஸ்காரருக்கு மச்சினி கல்யாணம் என்றால் டிரம்ஸ், இடையில் அக்கார்டியன், பேஸ் கிட்டார். பாடகி வரியை மறந்தால் இரண்டு சுரத்தைத் தூவிப் பூசி மெழுகுவதும் அவர்தான். சூப் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எதையும் கவனித்ததில்லை. அவருடைய கலை வாழ்வின் சாதனை அது.

பிறகு நிர்வாகம் சுவரில் ஒரு ஸ்பீக்கரை மாட்டியது. அதற்குக் காய்ச்சல் வருவதில்லை.

வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகுதான், சனிக்கிழமைகளில் மனைவி வீட்டில் இருப்பதில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. நூலக மாடியில், யுகுலேலே என்ற நாலு தந்திக் குட்டி கிட்டார் வாசிக்கும் குழுவாம், ஒரு வருடமாக. அதற்கு முன் காலிங் பெல்லைத் தவிர வேறெதையும் வாசித்தறியாத அம்மையார்! தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்க இவரால் முடியாது. தானும் போவதென்று முடிவு செய்து, ஒரு யுகுலேலே வாங்கினார்.

கிட்டாரில் மேல் தந்தி கனமாக முழங்கும். இதில் கீச்சென்றது. உடனே கடைக்குத் திரும்பினார்.

"கம்பிய மாத்திக் கட்டிட்டீங்க."

"இதுக்கு அப்படித்தான் சார்."

"எனக்கு முப்பது வருஷ அனுபவம்."

"இதுலயா சார்?"

யுகுலேலேயை உறையில் போட்டுக்கொண்டு வீடு திரும்பினார்.

இவர் சேர்ந்ததும் குழுவின் வாசிப்பு பிரமாதமாகிவிட்டது. யார் எங்கே தடுமாறினாலும் இவர் கை அங்கே ஓடி நின்றது. மூன்றாவது வாரம், குழுவை நடத்தும் ஓய்வுபெற்ற பல் டாக்டரம்மா அவரைத் தனியே அழைத்தார்.

"நீங்க வந்ததிலிருந்து நாங்க ரொம்ப நல்லா வாசிக்கிறோம்."

"சந்தோஷம்மா."

"அதுதாங்க பிரச்சினை. எங்க தப்பு எங்களுக்கே கேக்க மாட்டேங்குது. ஆயுசு பூரா ஓட்டை அடைச்சவ நான். இங்க யாரும் அடைக்க வேண்டாம். இன்னைக்கும் அடைச்சீங்கன்னா அடுத்த வாரம் வராதீங்க."

"கை சும்மா இருக்காதுங்களே…"

"இருக்கச் சொல்லுங்க."

மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பாட்டின் நடுவில் விரல்கள் இடம் மாற வேண்டிய கட்டம். அம்மையாரின் மோதிர விரல் வழி தெரியாமல் நின்றது. இரண்டே சுரம் போதும், யாருக்கும் தெரியாது. அவர் உள்ளங்கையைத் தந்திகள்மேல் அழுத்தி வைத்துக்கொண்டார். பாட்டில் விழுந்த ஓட்டை அறை முழுக்கக் கேட்டது. ஏணியைப் பிடித்திருந்தவன் கையை எடுத்துவிட்டதைப் போல மனைவி அவரைப் பார்த்தார். அப்புறம் தானே விரலை ஊன்றி, சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்துகொண்டார். டாக்டரம்மா தலை நிமிரவில்லை.

பஸ்ஸில் மனைவி கேட்டார்:

"தெரியாம விட்டீங்களா, வேணும்னே விட்டீங்களா?"

"வேணும்னேதான்."

"கட்டினவ அத்தனை பேர் முன்னால திருதிருன்னு முழிக்கிறா, கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க."

"அடைச்சா அடுத்த வாரம் வராதீங்கன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

அம்மையார் முன் சீட்டுக் கம்பியில் இடது கை விரல்களை ஊன்றிப் பார்த்தார்.

"அந்த இடத்துல எந்த விரல முதல்ல வைக்கணும்?"

அவர் வாயைத் திறந்தார்.

"வேண்டாம், சொல்லாதீங்க. அடுத்த வாரம் கொஞ்சம் சீக்கிரமா கிளம்புங்க. மாடியில ஜன்னலோரமா பக்கத்துப் பக்கத்துல ரெண்டு நாற்காலி இருக்கும், பிடிச்சுடலாம்."