துணியின் பின்பக்கம்

சறோஜினிதேவிக்கு வாய் நீளம் என்று எங்கள் வட்டாரத்தில் சொல்லாதவர் இல்லை. நானும் சொல்லியிருக்கிறேன். முப்பத்தைந்து வயதாகியும் கலியாணம் கட்டவில்லை, புங்குடுதீவுத் தபாற் கந்தோரில் உத்தியோகம், யாருக்கும் பணிந்துபோகாத பேச்சு. இவ்வளவும் ஒரு பெண்ணிடம் சேர்ந்தால் எங்கள் ஊருக்குப் பொறுக்காது. இன்றைக்கு அவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கும் ஆழ்வாப்பிள்ளை ஆகிய நான், ஓய்வுபெற்ற வாத்தியார், அந்த நாளில் அவருக்கு எதிர்ப் பக்கத்தில் இருந்தவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து எனக்குச் சொல்லிக்காட்டத் தேவையில்லை.

அவருடைய தகப்பன் தெற்கே காலி நகரில் கடை வைத்திருந்தவர். மகள் அங்கே கன்னியர் மடத்தில் படித்ததால் இங்கிலிஷ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஐம்பத்தெட்டாம் ஆண்டு இனக்கலவரத்தில் கடை எரிந்து, குடும்பம் ஊருக்குத் திரும்பியது. தகப்பன் அந்தக் கவலையிலேயே போய்ச் சேர்ந்தார். மகள் கவலைப்பட்டு உட்காரவில்லை. சோதனை எழுதி, உத்தியோகம் எடுத்து, தாயையும் பார்த்துக்கொண்டு கந்தோருக்குச் சைக்கிளில் போனார். சைக்கிளுக்கும் ஊர் வாய் திறந்தது. அவர் மணி அடித்துக்கொண்டு போனார்.

அறுபத்துநாலாம் ஆண்டு ஊரில் ஒரு மகப்பேற்று விடுதி கட்டவேண்டும் என்று சங்கம் தொடங்கினோம். அதற்குக் காரணம் செல்லி. பனையேறிக் கள்ளுச் சீவும் தொழில் செய்யும் குடும்பம். செல்லியின் மகள் பிள்ளைவலியோடு யாழ்ப்பாண ஆசுப்பத்திரிக்குப் போகும் வழியில், பஸ் மண்டைதீவைத் தாண்ட முன்னரே, தாயின் மடியில் செத்துப்போனாள். பிள்ளையும் தங்கவில்லை. எங்கள் துண்டுப்பிரசுரத்தின் முதல் வரியே அதுதான். எழுதியவன் நான். வாசித்தவர்கள் கண்ணீர் விட்டார்கள்.

கொழும்பிலுள்ள தூதரகங்கள் தங்கள் நாட்டுப் படங்களை இரவல் கொடுக்கின்றன என்று பேப்பரில் கண்டவர் சறோஜினிதேவி. அவரே கடிதம் எழுதினார். மாதம் ஒரு வெளிநாட்டுப் படம், ரிக்கற் காசு விடுதிக்கு என்று ஏற்பாடு. ஜப்பான்காரனும் போலந்துக்காரனும் பேசுவது எங்கள் ஊரில் யாருக்கு விளங்கும்? அதற்கும் அவரே வழி சொன்னார். படத்தின் அடியில் ஓடும் இங்கிலிஷ் எழுத்தை வாசித்து, அந்த இடத்திலேயே மைக்கில் தமிழில் சொல்வது. அவரைவிட்டால் அதற்கு ஆள் இல்லை.

சங்கத் தலைவர் சரவணமுத்தர், மாத்தறையில் வியாபாரம் செய்து வசதியாகத் திரும்பியவர். இட ஒழுங்கு என் பொறுப்பு. பள்ளிக்கூட மண்டபத்தின் கிழக்குப் பக்கத்தில் சுவர் இல்லை. அந்த இடத்தில் வெள்ளைத் துணியைக் கட்டினேன். உள்ளே கதிரைகள், எங்கள் சாதி ஆட்களுக்கு. துணிக்கு அந்தப் பக்கம் மணல் முற்றம், சீவல் தொழில் செய்பவர்களுக்கும் சலவைத் தொழில் செய்பவர்களுக்கும். மெல்லிய துணி என்பதால் படம் இரண்டு பக்கமும் தெரியும். யாரையும் விலக்கவும் இல்லை, யாரும் கலக்கவும் இல்லை. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். நினைக்க இப்போது வெட்கமாக இருக்கிறது.

முதல் படம் ஜப்பானிலிருந்து. கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு விதவைத் தாய் தன் பிள்ளையை வளர்க்கும் கதை. சறோஜினிதேவி சொல்லச் சொல்ல, கதிரையில் இருந்த பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். படம் ஓட்டும் மெசின்காரர் வைத்திலிங்கம் சுருள் மாற்றும் நேரத்தில் அவர் காற்று வாங்க வெளியே போனார். சோடா கொடுக்க நானும் பின்னால் போனேன். முற்றத்தில் செல்லி முன்னுக்கு இருந்தார்.

“செல்லி அக்கா, கதை விளங்குதோ?”

அக்கா என்றதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“விளங்குது பிள்ளை. நீங்கள் சொல்லுறது நல்லாக் கேக்குது. ஒண்டுதான் எனக்கு விளங்கேல்லை. அந்த நாட்டிலை எல்லாரும் இடக்கையாலையே சாப்பிடுறவை? அந்தத் தாயும் பிள்ளைக்கு இடக்கையாலைதான் சோறு தீத்துறா.”

சறோஜினிதேவி வெறும் துணியை நிமிர்ந்து பார்த்தார். சோடாவை வாங்கவில்லை. மகளுக்குச் சோறு தீத்திய கைகளோடு அந்த மனுசி மணலில் இருந்து கேட்கிறார், துணியின் பின்பக்கத்தில் இருத்தி நாங்கள் அவருக்கு உலகத்தையே இடக்கையாக மாற்றிக் காட்டியிருக்கிறோம்.

“இல்லை அக்கா. அவை வலக்கையாலைதான் சாப்பிடுறவை. உங்களைத்தான் நாங்கள் பிழையான பக்கத்திலை இருத்தி வைச்சிருக்கிறம். நீங்கள் நேராய்ப் படம் பாப்பியள். அதுக்கு நான் பொறுப்பு.”

செல்லி சிரித்தார். நம்பிச் சிரித்த சிரிப்பு அல்ல அது.

அடுத்த நாளே சங்கத்தைக் கூட்டவைத்தார் சறோஜினிதேவி. “முற்றத்து ஆக்களை உள்ளை கதிரையிலை இருத்தவேணும். இல்லாட்டி உந்தத் துண்டுப்பிரசுரத்தைக் கிழிச்செறியுங்கோ,” என்றார்.

சரவணமுத்தர் கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: “உதென்ன கதை பிள்ளை? துணிக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் படம் ஒண்டுதானே. அவைக்கு ஒரு குறையும் இல்லை.”

“எந்தப் பக்கமும் ஒண்டுதானோ?”

“ஓம், ஒண்டுதான்.”

“சரி. எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கோ, தலைவர் சொன்னவர்,” என்று எழுந்து போனார். வாய் அடங்கிவிட்டது என்று நாங்கள் சிரித்தோம்.

இரண்டாம் மாதம் போலந்துப் படம். துணியில் ஒரு தாடிக்காரன் தோன்றி ஓயாமல் பேசினான். மைக் தனியே நின்றது. அதன் பின்னால் ஆள் இல்லை. சறோஜினிதேவியின் குரல் துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெல்லக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் முற்றத்தில் பெரிய சிரிப்பு எழும்பியது. கதிரையில் இருந்த நாங்கள் ஆளையாள் பார்த்து முழித்தோம். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் எழுத்தும் இடம் வலமாக மாறித்தான் தெரியும். அதை எப்படி வாசித்தார் என்று நான் திகைத்தேன். ஒரு மாதமாக இங்கிலிஷ் பேப்பரைக் கண்ணாடிக்கு முன் பிடித்து வாசித்துப் பழகினாராம். தாய் பிறகு சொன்னார்.

முதலில் எழுந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? சரவணமுத்தரின் மனைவி அன்னப்பிள்ளை. “எனக்குக் கதை விளங்கவேணும்,” என்று பட்டுச்சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்குப் போய் மணலில் இருந்தார். அவரைப் பார்த்து நாலு பேர், பிறகு பத்துப் பேர். சரவணமுத்தரின் முகம் கறுத்தது.

“மெசினை நிப்பாட்டு!”

வைத்திலிங்கம் நிறுத்தினார். தலைவர் துணியைப் பார்த்தே கத்தினார்: “ஏன் பிள்ளை எங்களை அவமானப்படுத்துறாய்?”

துணிக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. “எந்தப் பக்கமும் ஒண்டெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். இஞ்சை இடம் கிடக்கு, வந்து இருங்கோ.”

படம் அத்தோடு நின்றது. மூன்றாம் படம் இனி இல்லை என்று சங்கம் தீர்மானித்தது. ஆத்திரம் அதிலும் ஆறவில்லை. எங்கள் ஊரில் ஒருவரைப் பிடிக்கவில்லை என்றால் நேரே சண்டைக்குப் போவதில்லை, மேலிடத்துக்குப் பெட்டிசம் போடுவோம். அவருக்கு வேறு ஊருக்கு மாற்றம் கொடுக்கவேண்டும் என்று பெட்டிசம் எழுதினோம். எழுத்து அழகு என்று என்னையே எழுத வைத்தார்கள். முதற் கையெழுத்தும் என்னுடையது. எல்லாம் முடிந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அனுப்புவதற்கு ஊரில் இருந்த ஒரே தபாற் கந்தோர் அவருடையது.

கடித உறையோடு நான்தான் போனேன். அவர் விலாசத்தை வாசித்தார். உள்ளே என்ன என்று கேட்கத் தேவை இருக்கவில்லை.

“பதிவுத் தபாலிலை போடுங்கோ மாஸ்டர்,” என்றார். “சாதாரணமாய்ப் போட்டுத் துலைஞ்சுதெண்டால், நான் ஒளிச்சுப்போட்டன் எண்டுவியள்.”

“பிள்ளை, நான்...”

“வடிவாய் ஒட்டேல்லை. இந்தாங்கோ பசை.”

தன்னைத் துரத்தச் சொல்லும் கடிதத்தை நான் ஒட்டும்வரை பொறுத்திருந்தார். பிறகு முத்திரை குத்தினார், பற்றுச்சீட்டை என்னிடம் தந்தார்.

ஆறு கிழமையில் நெடுந்தீவுக்கு மாற்றம் வந்தது. அங்கே பாலமும் இல்லை, பஸ்ஸும் இல்லை, வள்ளத்தில் போகவேண்டும். சரவணமுத்தர் பொங்கல் வைக்காத குறை. ஆனால் மூன்றாம் படப்பெட்டி கொழும்பிலிருந்து வந்து சேர்ந்துவிட்டது. பெட்டியில் இருந்த பெயர் சங்கத்தினுடையது அல்ல, அவருடையது.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, தன் வீட்டு முன்சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்தார். பொழுது பட்டதும் வளவுக்குள் படம், ரிக்கற் காசு விடுதிக்கு, படலை எல்லோருக்கும் திறந்திருக்கும் என்று ஊர் முழுக்கச் சைக்கிளில் சொல்லித் திரிந்தார். போகவேண்டாம் என்று சரவணமுத்தர் வைத்திலிங்கத்தைத் தடுத்தார். “மெசின் என்ரை, அண்ணை,” என்று அவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

நானும் போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்ல ஏலாது. எந்தக் கூட்டத்துக்கும் சொந்தக் கதிரை கொண்டுபோகும் பழக்கத்தில் அன்றும் தூக்கிக்கொண்டு போனேன். வளவு நிறைந்திருந்தது. யார் எந்த ஆட்கள் என்று பிரிக்க ஏலாதபடி எல்லோரும் மணலில் நெருக்கி இருந்தார்கள். அன்னப்பிள்ளையும் இருந்தார். சறோஜினிதேவி மெகபோனோடு சுவரருகில் நின்றார்.

“பாத்துக்கொள்ளுங்கோ, சுவருக்குப் பின்பக்கம் இல்லை!” என்று உரக்கச் சொன்னார். பிறகு அவருடைய கண் என்மேல் விழுந்தது.

“வாருங்கோ மாஸ்டர். கதிரை கொண்டந்தது நல்லதாய்ப் போச்சு. இஞ்சை முன்னுக்கு வையுங்கோ.”

வைத்தேன். இருக்கப் போனேன்.

“நீங்கள் இல்லை. செல்லி அக்கா, வந்து இருங்கோ.”

வளவு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. செல்லி எழுந்து வந்தார். தயங்குவார், மறுப்பார், எனக்கு மரியாதை மிஞ்சும் என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு என் கதிரையில் இருந்தார். வைத்திலிங்கம் மெசினைப் போட்டார். நான் நின்ற இடத்திலேயே, அவருக்குப் பின்னால், மணலில் இருந்தேன்.

செல்லி நன்றாக நிமிர்ந்து இருந்தார். பாதிப் படம் எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் விலகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெட்டிசத்தில் முதற் கையெழுத்து வைத்தவன் எந்த முகத்தோடு கேட்பது?