அக்ரெசிவ் என்று பெயர் வாங்கின வள்ளக்காரன்

எஞ்சின் வள்ளத்தில் ஆட்களை ஏற்றிக் கடல் காட்டுகிறவனுக்குக் கையைவிடத் தொண்டைதான் முதலில் தேயும். கத்திப் பிழைக்கிற பஸ் கொண்டக்டர்மாரே, மீன் ஏலக்காரரே, நீங்களாவது என் நியாயத்தைக் கேளுங்கோ.

இருக்கச் சொன்ன குற்றம்

துறைமுக வாயைத் தாண்டினால் பெருங்கடல் அலை வள்ளத்தின் மூக்கைத் தூக்கும். அதற்கு முன் எல்லாரும் பலகையில் இருந்துவிட வேணும். இது திருகோணமலை நண்டுக்கும் தெரியும். கொழும்பிலிருந்து வந்த ஒரு பிள்ளை எழும்பி நின்று செல்ஃபி எடுத்தா. "இருங்கோ!" என்று கத்தினேன். எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கேட்க வேண்டாமோ? அக்கரையில், கிண்ணியாத் தேத்தண்ணிக் கடையில் நின்ற சனமெல்லாம் இருந்துவிட்டதாம்!

அவ விழாமல் கரை சேர்ந்தா. சேர்ந்த கையோடு ஹோட்டல் மனேஜரிடம் முறைப்பாடு. எனக்கு ஆட்களை அனுப்புகிறவர் அவர் ஒருவர்தான். "ஐயா, நீங்கள் சரியான அக்ரெசிவ் எண்டு சொல்லுறா. இன்னொருக்கா இப்பிடி வந்தால் வேற வள்ளம் பாப்பன்."

குசினித் தீர்ப்பு

மீன் வெட்டிக்கொண்டிருந்த என் மனிசியிடம் முறையிட்டேன். "சண்டைக்குப் பாயிற ஆளாம் நான். நியாயமோ?"

அவ நிமிரவேயில்லை. "நான் இவ்வளவு காலமாச் சொன்னனான். அந்தப் பிள்ளை ஒரு பயணத்திலேயே கண்டுபிடிச்சிட்டுது."

ரை கட்டினவர்

அடுத்த கிழமை ஹோட்டலுக்குப் போனால், கதிரையில், கழுத்தில் ரை தொங்க, ஒரு புது மார்க்கெட்டிங் ஒஃபிசர். "ஆள் பயங்கர அக்ரெசிவ்!" என்று மனேஜர் அவர் முதுகில் தட்டுகிறார். நீச்சல் தடாகத்தில் மிதக்கிற சனத்தையும் விடாமல் துரத்தி இரவு விருந்துக்கு ரிக்கெற் விற்கிறாராம். உயிரைக் காக்கக் கத்தினவனுக்கு அந்தச் சொல் வசை, இவருக்குப் பாராட்டோ? வாய்விட்டே கேட்டேன்.

"அது வேற, ஐயா. அவர் ரை கட்டியிருக்கிறார்."

சாந்த சொரூபி

ஞாயிற்றுக்கிழமை மனேஜரே குடும்பத்தோடு என் வள்ளத்தில் ஏறினார். துறைமுக வாய் கிட்டியது. மனிசன் எழும்பி நின்று வீடியோ எடுக்கிறார். கத்தினால் பிழைப்புப் போய்விடும். தொட்டில் பிள்ளையை எழுப்பாத குரலில், "மனேஜர் ஐயா, தயவுசெய்து இருங்கோவன்" என்றேன். எஞ்சின் அதை விழுங்கிவிட்டது.

அலை தூக்கியது. அவர் வள்ளத்துக்குள் குப்புற; போன் கடலுக்குள். அதைப் பொறுக்கின டொல்பின் இன்றைக்கும் படம் பிடித்துக்கொண்டு திரிகிறது. மனேஜர் மூக்கைத் தடவியபடி சீறினார்: "குசுகுசுத்தால் ஆருக்கையா கேக்கும்? கத்தியிருக்க வேண்டாமோ!"

இப்போது ஹோட்டல் ஆட்களெல்லாம் என் வள்ளத்தில்தான் வருகிறார்கள், நானும் முன்பைவிட உரக்கவே கத்துகிறேன், ஆனால் ரை கட்டிக்கொண்டு.