கோடில்லாத கல்பூச்சி

இத்தோ யாரையும் லேசில் நம்பமாட்டாள். தன் மகள் போட்ட புதினாத் தேநீரையே முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பாள். முப்பது வருஷமாக அட்லஸ் மலைச்சரிவில் குழி தோண்டி, எந்தக் காலத்துக் கடலிலோ ஊர்ந்து கல்லாகிப்போன பூச்சிகளை ஊசியால் சுரண்டியெடுத்து விற்கிறவள். ஊரில் பாதிப்பேர் பசையில் கல்தூளைக் குழைத்துப் பொய்ப்பூச்சி வார்த்தார்கள். அதனால்தான் நகரத்து வியாபாரி திரீஸ் அவள் பெட்டியை மட்டும் திறக்காமலே வாங்கிப்போவார். அந்தப் பெயர் போனால் அவளுக்கு வேறொன்றும் இல்லை.

திரீஸ் வருவதற்கு முதல்நாள், மருமகன் மோஹா ஒரு பூச்சியைக் கொண்டுவந்து வைத்தான். உள்ளங்கை அகலம். ஒரு முள்கூட உடையவில்லை. உடம்பில் ஒட்டின கோடும் இல்லை.

இத்தோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கல்லைப் பிளந்தால்தான் பூச்சி தெரியும். பிளவில் பூச்சியும் உடையும்; அதை ஒட்டினால் குறுக்கே ஒரு கோடு நிற்கும். கோடில்லாதது வார்த்ததுதான்.

"இது யார் வீட்டு அச்சு, மாப்பிள்ளை?"

"அச்சுமில்ல ஒண்ணுமில்ல அத்தை. மலை உச்சியில கெடந்துச்சு."

"உச்சியிலயா? கடல்பூச்சி என்ன ஆட்டுக்குட்டியா, மேல ஏறி மேய?"

"பூச்சி ஏறல, தரை ஏறிச்சு. கம்பளத்தை ரெண்டு பக்கமும் தள்ளினா நடுவுல மடிஞ்சு எழும்புதில்ல? உங்க குழியில இருக்கிற அதே சாம்பல்நிறக் கல்லடுக்குதான் வளைஞ்சு உச்சிவரைக்கும் போகுது. அங்க பனியும் வெயிலும் கல்லை உதிர்த்துடுது, பூச்சி தானா கழண்டுக்குது. நாளைக்குப் பெட்டியில வைங்க."

"கதை நல்லாத்தான் இருக்கு."

ஊசியைக் காய்ச்சிப் பூச்சிமேல் வைத்துப் பார்த்தாள். பசை நாற்றம் வரவில்லை. நாறாத பசையும் இப்போது வந்திருக்கும் என்று நினைத்தாள். சுத்தியலை எடுத்தாள்.

"அம்மா!" என்று மகள் தூடா கத்துவதற்குள் பூச்சி இரண்டாகிவிட்டது. உள்ளே முழுக்கக் கல். அவள் குழியின் அதே சாம்பல் நிறம்.

மோஹா இரண்டு துண்டையும் அவள் பக்கம் தள்ளிவைத்தான். எழுந்து வெளியே போனான்.

ராத்திரியே இத்தோ அதை ஒட்டிப் பெட்டியில் வைத்தாள். மறுநாள் திரீஸ் வந்தபோது மோஹாவே பெட்டியைத் திறந்தான். "இன்னிக்கு ஒருதரம் பாருங்களேன்."

திரீஸ் பூச்சியைத் திருப்பிப் பார்த்தார். "கோடு இருக்கே. அசல்தான். இதை ஏன் காட்டுறே?"

இத்தோ பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டாள். மருமகன் அவளையே பார்த்தான்.

"சும்மாதான். அத்தை பெட்டியில பொய் வருமா?"

வண்டி போனபின் மருமகன் முகத்தைப் பார்க்காமலே சுத்தியலை இடுப்பில் செருகினாள். குழியிலிருந்து அந்தச் சாம்பல் அடுக்கில் கையை வைத்தபடி உச்சியை நோக்கி ஏறினாள், நடுவில் எங்காவது அறுகிறதா என்று பார்த்துக்கொண்டே.