விருதுக்கு வாங்கிய ஷூ

குடிநீர் அலுவலகத்தில் மனு வாங்கும் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவரை ஊரே 'நாளைக்கு சார்' என்றுதான் சொல்லும். குழாய் இணைப்பு கேட்டு யார் வந்தாலும், தலையைத் தூக்காமலே "நாளைக்கு வாங்க" என்பார். கெட்ட மனிதரில்லை, பாவம். அந்த வார்த்தை வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்பேர்ப்பட்டவருக்குத்தான் இந்த வருஷம் சிறந்த மக்கள் சேவைக்கான விருது! மேலதிகாரி ஒரே ஒரு கட்டளை போட்டார்: மேடைக்கு ஷூ போட்டுக்கொண்டுதான் வர வேண்டும்.

பழைய ஷூவைக் கொடுத்தால் புதியதில் தள்ளுபடி என்று ஒரு கடையில் எழுதிப் போட்டிருந்தார்கள். மனிதர் பழசைப் பையில் போட்டுக்கொண்டு செருப்புக் காலோடு போனார். கொண்டுபோன காலுறைகளில் வலது காலுக்கானதில் ஓட்டை; போட்டால் பெருவிரல் எட்டிப் பார்க்கும். விற்பனைப் பெண்ணின் முன்னால் மானம் போவானேன் என்று இடது காலை மட்டும் போட்டுப் பார்த்து, "கச்சிதமா இருக்கும்மா, கட்டிடு" என்றார்.

வீட்டில் பெட்டியைத் திறந்த மனைவி தலையிலடித்துக்கொண்டாள். "ரெண்டும் இடது கால்! உங்களுக்கு எத்தனை இடது கால்னு அவ கேட்கவே இல்லையா?"

விற்பனைப் பெண் அலமாரியில் பார்வைக்கு வைத்திருந்த ஒற்றை ஷூவையும் சேர்த்துக் கட்டிவிட்டாள் போலிருக்கிறது. விழாவோ மறுநாள் காலை. நாளைக்கு சார் அரக்கப்பரக்கக் கடைக்கு ஓடினார். அவருடைய பழைய ஷூ அதற்குள் குப்பை வண்டி ஏறிவிட்டிருந்தது.

"போட்டுப் பாத்துத்தானே சார் வாங்கினீங்க?" என்றாள் விற்பனைப் பெண்.

"ஒரு கால்தாம்மா போட்டுப் பாத்தேன்."

"அதுக்கு நாங்க என்ன பண்றது? மேனேஜர் வெளிய போயிருக்கார். நாளைக்கு வாங்க."

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாளைக்குன்னா என்னம்மா அர்த்தம்? எங்களைப் பாத்தா மனுஷனாத் தெரியலையா?" என்று கத்தினார். கடையே திரும்பிப் பார்த்தது.

மூலையில் காத்திருந்த தையற்காரர் ஒருவரும் திரும்பினார். அவர் மடியில் அதே பெட்டி. உள்ளே இரண்டும் வலது கால், அளவும் அதே. நாளைக்கு சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நல்ல வேளை! ஒண்ணை நீங்க குடுங்க, ஒண்ணை நான் தரேன். தீந்துது விஷயம்!"

தையற்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். போன கோடையிலிருந்து குழாய் இணைப்புக்காக அந்த ஜன்னலுக்கு நடையாய் நடந்து, இருந்த ஜோடி தேய்ந்துபோய்த்தான் அவர் புது ஷூ வாங்கவே வந்திருந்தார்.

"தரலாம் சார். ஆனா எனக்கொண்ணும் அவசரமில்ல. நாளைக்கு வாங்க" என்றவர், பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

வேறு வழி? மகனின் ஷூ பாதி பாதத்துக்கே போதவில்லை. மறுநாள் நாளைக்கு சார் இரண்டு இடது ஷூக்களோடு மேடையேறினார். வலது பாதம் உள்ளே நசுங்க, பல்லைக் கடித்துக்கொண்டு விந்தி விந்தி நடந்தார். பார்த்த மேலதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. மைக்கைப் பிடித்தார்.

"பாருங்க! மக்களுக்காக ஓடி ஓடியே மனுஷன் காலு இப்படி ஆயிடுச்சு!"

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.