கரண்டு போன பிறகு பார்த்த கிரகம்

2008 கோடை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரே, மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். வகுப்பு முடிந்து, எங்கள் ஊரான பெருநகருக்கு பஸ் வரும்வரை, சென்டர் நடத்திய பாய் எங்களை கேம் ஆட விடுவார். அவரும் ஆடுவார், எங்களைவிட மும்முரமாக!

நாலு கம்ப்யூட்டரை ஒயரால் இணைத்து, ஆளுக்கொரு விண்கலம் ஓட்டும் ஆட்டம் அது. ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டரே புதிதாக ஒரு ஆகாயத்தை உண்டாக்கும். அணைத்தால் போச்சு, அதே இடம் மறுபடி வரவே வராது. என் தோழிகள் இரண்டு பேரும் தங்கம் தங்கமாக அள்ளுவார்கள். எனக்கு எப்போதும் கல்லும் தூசியும்தான்.

ஒரு நாள் மத்தியானம் ஒரு தூசி மண்டலத்துக்குள் மாட்டி, எப்படியோ வெளியே வந்தேன். அடேயப்பா! எதிரே பச்சையாக ஒரு கிரகம். அதைச் சுற்றி ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு இரண்டு வளையம்.

"பாய், இங்க இன்னாமோ கீது, வந்து பாருங்க!" என்று கத்தினேன்.

அதே நேரம் பார்த்து ஃபேன் நின்றது. தினமும் கரண்டு போகிற நேரம். யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. மெதுவாக இறக்கினால்தான் கலம் உடையாது. நாலு கம்ப்யூட்டர் ஓடினால் அதுவரை பேட்டரி தாங்காது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எங்க கப்பலு போனா போவுது, நீ எறக்குடி" என்றாள் ஒரு தோழி. அன்றைக்கு அள்ளிய தங்கம் அத்தனையும் போக, இருவரும் தங்கள் கம்ப்யூட்டரைப் பட்டென்று அணைத்துவிட்டார்கள். ஆட்டம் ஓடியதே பாயின் கம்ப்யூட்டரில்தான், அதை அணைக்க முடியாது. மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு, ஆளில்லாத தன் கலத்தை அப்படியே விட்டு எழுந்து வந்தார்.

"பதறாதம்மா, மெதுவா எறக்கு" என்றார்.

இறக்கிவிட்டேன். கலத்தின் மூக்கை மேலே தூக்கினேன். வானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இரண்டு வளையங்களும் மின்னின. அவற்றுக்கு நடுவே சிவப்பாகச் சூரியன் எழும்பியது. தோழிகள் இருவரும் என் தோளோடு ஒட்டி நின்று பார்த்தார்கள். "மாஷா அல்லா" என்று பாய் மெல்லச் சொன்னார்.

திரை இருண்டது.

அதற்குப் பிறகு கடல், மலை என்று எவ்வளவோ பார்த்துவிட்டேன், எல்லாவற்றுக்கும் போட்டோ இருக்கிறது. அந்தக் கிரகத்துக்கு இல்லை. உலகத்திலேயே அதைப் பார்த்தது நாங்கள் நாலு பேர்தான்; அதில் மூன்று பேர் தங்கள் கப்பலை விட்டுவிட்டு வந்து என் கலத்தின் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள் என்பதை நினைத்தால், இன்றும் எனக்கு அந்த வளையங்களைவிட அதுதான் பெரிய அதிசயமாகத் தோன்றுகிறது.